நாகர்கோவில்: பல வாசல்களின் நகரம்



ஊர் காணுதல் என்றவுடன் நம் உள்ளம் தொலைவில் உள்ள நகரங்களையே நாடுகின்றது. குமரிமுனைக்குச் செல்வோருள் பலர் நாகர்கோவிலை வழியில் உள்ள ஓர் ஊராகவே கருதிக் கடந்து விடுகின்றனர். நாஞ்சில் நாட்டினராகிய நாமும் கடைக்கும் கல்லூரிக்கும் வழக்குமன்றத்திற்கும் அங்குச் செல்கின்றோமே அன்றி, அந்நகரைக் காண்பதற்கென்றே செல்வது அரிது. இன்று பூதப்பாண்டியிலிருந்து புறப்பட்டு ஒரு பகற்பொழுதில் அந்நகரைக் கண்டு வருவோம். செல்லும் இடந்தோறும் கோபுரத்தை மட்டும் நோக்காமல் வாசலையும் நோக்குங்கள். இது யாருக்குத் திறந்திருந்தது, யாருக்கு அடைத்திருந்தது என்று கேளுங்கள்.

அவ்வாறு கேட்டவர் ஒருவர் பூதப்பாண்டியிலேயே 1907 ஆம் ஆண்டு பிறந்தார். அவரே ப. ஜீவானந்தம். சாதியால் விலக்கப்பட்ட தம் பள்ளித் தோழரை, அவர் நடத்தலாகாத தெருவிற்குள் இளமையிலேயே உடன் அழைத்துச் சென்றார் என்பர். பூதலிங்கசுவாமி கோயிலையும் பழையாற்றங்கரை வயல்களையும் பார்க்க வருவோர் அச்செய்தியையும் நினைவில் கொள்ளல் வேண்டும்.

இறச்சகுளம், புத்தேரி வழியே சென்றால் வடசேரி வரும். கோயில் திருமேனிகளுக்கும் நாட்டிய மங்கையர்க்கும் உரிய கல் பதித்த அணிகளைச் செய்யும் பொற்கொல்லர் வாழும் ஊர் இது. பரத நாட்டிய மேடைகளில் நாம் காணும் நெற்றிச்சுட்டியும் ஒட்டியாணமும் இத்தகைய கைகளின் உழைப்பே.

வடசேரியை அடுத்து, நகருக்குப் பெயர் தந்த நாகராசா கோயிலை அடைகின்றோம். ஆவணி ஞாயிறுகளில் நாகர் சிலைகளுக்குப் பாலும் மஞ்சளும் சார்த்தப் பெண்கள் திரளுகின்றனர். கருவறைக்கோ ஓலைக்கூரைதான், அதனை ஆண்டுதோறும் புதிதாக வேய்வர். மண்டபத் தூண்களை உற்றுப் பாருங்கள். மகாவீரரும் பார்சுவநாதரும் பத்மாவதியும் அங்கே இருக்கின்றனர்! 16 ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகளில் குணவீர பண்டிதர், கமலவாகன பண்டிதர் என்னும் சமணப் பெரியார்களின் பெயர்கள் காணப்படுகின்றன. வழிபாடு மாறியது, பழைய உருவங்கள் சிதைக்கப்படவில்லை. பின் வந்தோர் முன்னிருந்தோரை மறைக்க முயலாத இடம் இது.

அங்கிருந்து சிறிது தொலைவில், 1819 ஆம் ஆண்டில் மீட் ஐயர் அடிக்கல் நாட்டிய கருங்கல் தேவாலயம் நிற்கின்றது. அதனை ஒட்டி வளர்ந்த பள்ளிகளே எழுத்தறிவு மறுக்கப்பட்ட மக்களுக்குக் கல்வியின் வாசலாயின. அந்நாளில் தென் திருவிதாங்கூர்ப் பெண்கள் பலர் மேலாடை அணியும் உரிமைக்கே போராட வேண்டியிருந்தது. 1859 ஆம் ஆண்டில்தான் அரசாணை அவர்களுக்கு ஓரளவு வழி விட்டது. ஸ்காட் கிறித்தவக் கல்லூரி 1893 ஆம் ஆண்டு முதல் கல்லூரியாக விளங்குகின்றது.

தெற்கே நடந்தால் கோட்டாறு. கிரேக்க நிலநூலார் தாலமி குறித்த வணிக நகர் இதுவே என்பது அறிஞர் கருத்து. இங்குள்ள சவேரியார் பேராலயம் வேணாட்டு மன்னர் அளித்த இடத்தில் எழுந்தது என்பது வழிவழி வரும் செய்தி. டிசம்பர்த் திங்கள் 3 ஆம் நாள் நிறைவுறும் அதன் திருவிழாவிற்குப் பிற சமயத்தவரும் நேர்ச்சையுடன் வருகின்றனர். 1752 ஆம் ஆண்டில் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்ட தேவசகாயம் பிள்ளையின் உடல் இங்கேதான் அடக்கம் செய்யப்பட்டது. 2022 ஆம் ஆண்டு அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

கோட்டாற்றை அடுத்த இடலாக்குடி, சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் 1874 ஆம் ஆண்டு பிறந்த ஊர். ஒரே நேரத்தில் நூறு செய்திகளில் கவனம் செலுத்தி விடை கூறும் அருங்கலையை 1907 ஆம் ஆண்டு சென்னையில் நிகழ்த்திக் காட்டிய இசுலாமியப் புலவர் அவர். தமிழே எல்லாச் சமயத்தாரும் நுழைந்த பொதுவாசல் என்பதற்கு அவரினும் நல்ல சான்று வேண்டுமோ?

அவ்வழியே மேலும் சென்றால் சுசீந்திரம். தாணு, மால், அயன் என்னும் மூவரும் ஒரு பெயரில் இணைந்த தாணுமாலயன் கோயிலில் தட்டினால் இசைக்கும் கல்தூண்களைக் கேட்டு மகிழ்வீர்கள். ஆனால் ஒரு காலத்தில் இக்கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களிலும் ஒரு சாராருக்கு இடமில்லை. 1926 ஆம் ஆண்டில் இங்குச் சத்தியாக்கிரகம் தொடங்கிற்று. நாகர்கோவில் மருத்துவர் எம். இ. நாயுடு அதில் முன்னின்றார். 1936 நவம்பர் 12 ஆம் நாள் திருவிதாங்கூர் மன்னர் வெளியிட்ட ஆலயப் பிரவேசப் பிரகடனத்தால் அரசின் ஆளுகையில் இருந்த கோயில் வாசல்கள் இந்துக்கள் அனைவருக்கும் திறந்தன. கல்தூணில் எழும் இசையைவிட அக்கதவு திறந்த ஓசையே எனக்கு இனிது.

பல சமயத்தார் அருகருகே வாழ்வதனால் மட்டும் ஒற்றுமை தானே விளைந்துவிடாது. 1982 ஆம் ஆண்டு மண்டைக்காட்டில் மூண்ட கலவரத்தில் இம்மாவட்டத்து மக்கள் உயிரிழந்தனர். நானூறு ஆண்டு நட்பும் ஒரு சில நாட்களில் நிலை குலையக் கூடும் என்பதை அது காட்டிற்று. ஆதலால், இந்நகரின் ஒற்றுமையை முன்னோர் தேடி வைத்த சொத்து என்று எண்ணி வாளா இருத்தல் கூடாது. அஃது ஆண்டுதோறும் வேய வேண்டிய ஓலைக்கூரை போன்றது. ஓராண்டு சோம்பினால் மழை உள்ளே இறங்கும்.

இளைஞர்களே, அடுத்த விடுமுறையில் நாகர்கோவிலுக்குச் செல்லுங்கள். உங்கள் சமயத்தைச் சாராத தோழர் ஒருவரை உடன் அழைத்துக்கொண்டு செல்லுங்கள். அவர் தம் வழிபாட்டிடத்தை உங்களுக்கு விளக்கட்டும். நீங்கள் உங்களுடையதை அவருக்கு விளக்குங்கள். அவ்வாண்டிற்குரிய கூரையை நீங்களே வேய்ந்தவராவீர்கள்.