மாத்திரைக்கும் ஒரு ஷிப்ட் உண்டு

(கும்மிடிப்பூண்டி சிப்காட் பகுதித் தொழிலாளர்களுக்கான உடல்நல விழிப்புணர்வு உரையின் எழுத்து வடிவம்)



கும்மிடிப்பூண்டி, தேர்வாய் கண்டிகை சிப்காட்டுகளில் வேலை பார்ப்பவர்களிடம் உடம்பு எப்படி என்று கேட்டால், "அசதிதாங்க, ஷிப்ட் மாறினா அப்படித்தான்" என்பார்கள். பல நேரம் அது உண்மைதான். ஆனால் அசதியோடு எடை கூடுது, முடி கொட்டுது, மலச்சிக்கல், மாதவிலக்கு முறை தவறுது, மற்றவர்களுக்கு இல்லாத குளிர் நமக்கு மட்டும் இருக்கு என்றால், பழியை ஷிப்ட் மேல் போட்டுவிட்டு இருந்துவிடாதீர்கள். தைராய்டு குறைவாகச் சுரக்கிறதா என்று டாக்டரிடம் கேட்டு ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

இது அபூர்வ நோய் இல்லை. சென்னை உட்பட இந்தியாவின் 8 நகரங்களில் 5,376 பேரிடம் நடத்தி, 2013-இல் வெளியான ஆய்வில் ஏறக்குறைய 11 சதவீதம் பேருக்கு இந்தக் குறைபாடு இருந்தது. அவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்கு அது இருப்பதே அதுவரை தெரியாது.

ரிப்போர்ட்டைப் பார்த்ததும் ஒரு குழப்பம் வரும். "டி.எஸ்.எச். கூடுதலா இருக்கே, அப்போ தைராய்டு அதிகம்தானே?" இல்லைங்க, பெரும்பாலும் நேர் எதிர். டி.எஸ்.எச். என்பது மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி, கழுத்தில் உள்ள தைராய்டுக்குக் கொடுக்கிற வேலை உத்தரவு. தைராய்டு மந்தமானால் மேலேயிருந்து சத்தம் கூடும். அதனால்தான் எண் ஏறுகிறது. முடி வளர பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள், ரத்தம் கொடுப்பதற்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அது ரிப்போர்ட்டையே தவறாகக் காட்டிவிடும்.

மருந்து லெவோதைராக்சின் என்ற சின்ன மாத்திரை. அதைச் சாப்பிடும் முறையில்தான் பாதி பலன் இருக்கிறது. வெறும் வயிற்றில் தண்ணீரோடு மட்டும் போட வேண்டும். அதன் பிறகு அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை டீ, காபி, டிபன் எதுவும் வேண்டாம். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். சேர்த்துப் போட்டால் தைராய்டு மருந்து உடம்பில் சரியாகச் சேராது.

"நைட் ஷிப்ட் முடிஞ்சு காலையில வர்றேன், எப்போ போடறது?" நல்ல கேள்வி. கடைசியாகச் சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்து, தூங்கப் போகும்முன் போடும் முறையும் உண்டு. உங்கள் ஷிப்டை டாக்டரிடம் சொல்லி, ஒரே நேரத்தை முடிவு செய்துகொள்ளுங்கள். ஒரு நாள் மறந்துவிட்டால் மறுநாள் இரண்டாகப் போடக் கூடாது. தகரக் கூரை வீட்டில் அடுப்புப் பக்கம், ஜன்னல் ஓரம் பாட்டிலை வைக்காதீர்கள். சூடும் வெளிச்சமும் மருந்தின் வீரியத்தைக் குறைக்கும். மருந்துக்கடையில் வாங்கும்போது 25, 50, 100 மைக்ரோகிராம் என்ற எண்ணைச் சீட்டோடு ஒப்பிடுங்கள். கம்பெனி மாறினாலும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

மருந்தின் அளவு மாறினால் 6 முதல் 8 வாரம் கழித்து மறுபடி பரிசோதனை. எண் நார்மலுக்கு வந்ததும் "சரியாயிடுச்சு"ன்னு பலர் நிறுத்திவிடுகிறார்கள். நார்மலாக வைத்திருப்பதே அந்த மாத்திரைதான்! உடம்பு இளைக்கட்டும் என்று தானாகவே கூட்டுவதும் ஆபத்து. நெஞ்சு படபடக்கும், எலும்பு தேயும்.

பெண்களுக்குத் தனியாக ஒன்று. கருவுற்ற முதல் மாதங்களில் குழந்தையின் மூளை வளர்ச்சி தாயின் தைராய்டு ஹார்மோனை நம்பியே இருக்கிறது. அப்போது மருந்தின் அளவைப் பெரும்பாலும் கூட்ட வேண்டியிருக்கும். ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவர்கள் நாள் தள்ளிப்போனதும் உடனே டாக்டரைப் பாருங்கள். "குழந்தைக்கு ஆகாது" என்று யார் சொன்னாலும் நிறுத்தாதீர்கள்.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ள, இ.எஸ்.ஐ.-யில் பதிவான தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் சிகிச்சை உண்டு. ஒப்பந்தத் தொழிலாளர்களும் தங்கள் இ.எஸ்.ஐ. எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மற்றவர்கள் பக்கத்து அரசு மருத்துவமனையையோ, திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையோ நாடலாம். சந்தேகம் என்றால் 104-ஐ அழையுங்கள்.

கையில்தான் போன் இருக்கிறதே. ஷிப்டுக்கு அலாரம் வைப்பது போல மாத்திரைக்கு ஒரு அலாரம், அடுத்த பரிசோதனைத் தேதிக்கு ஒன்று. பழைய ரிப்போர்ட்டுகளையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை டாக்டருக்கு அதுவே பாதி வேலையை முடித்துவிடும்.