குரலில் கிடைக்கும் ஆறுதல்

 

தூரத்துப் பல்கலைக்கழக விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரு மகளை எண்ணிப் பாருங்கள். "சாப்பிட்டீங்களா மகள்?" என்று உம்மா குறுஞ்செய்தி அனுப்புகிறார். "ஓம்" என்று பதில் வருகிறது. உம்மா நிம்மதியாக உறங்கச் செல்கிறார். பரீட்சையில் சித்தியடையாத துயரத்தில், ஒரு பிடி சோறும் உண்ணாமல் இருளில் அழுதுகொண்டே மகள் அந்த "ஓம்" என்பதை எழுதினாள். அதை உம்மா எவ்வாறு அறிவார்?

1992 டிசம்பர் 3ஆம் திகதி இங்கிலாந்தில் முதலாவது குறுஞ்செய்தி அனுப்பப்பட்டது. ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்துகளே எல்லையாக இருந்தன. தகவல் சொல்ல அது போதும். மனத்தைச் சொல்லப் போதுமா?

2012இல் அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டனர். பிறர் முன்னிலையில் பேசியும் கணக்குச் செய்தும் பதற்றமடைந்த சிறுமியரில் சிலர், பின்னர் தாயுடன் நேரிலோ தொலைபேசியிலோ பேசினர். அவர்களது உடலில் மன அழுத்தத்தைக் காட்டும் கோர்ட்டிசோல் தணிந்தது. கணினியில் எழுத்து வழியாக மட்டும் தாயின் ஆறுதலைப் பெற்றோரின் நிலையோ, தாயுடன் தொடர்பே கொள்ளாதோரின் நிலையை ஒத்திருந்தது. சொற்கள் ஆறுதலானவைதாம், குரல்தான் இல்லை.

ஆயினும் குறுஞ்செய்தியைப் பழிக்க வேண்டாம். வாப்பாவின் முகம் பார்த்துச் சொல்லத் தயங்குவதை ஒரு மகன் எழுதி அனுப்பக்கூடும். அது அவன் திறக்கும் கதவு. பெற்றோர்களே! அக்கதவின் வழியே நீண்ட உபதேசங்களை அனுப்பாதீர்கள். உடனே அழையுங்கள், அவன் பேசி முடிக்கும்வரை செவிசாயுங்கள்.

இளைஞர்களே! நண்பன் செய்தியைப் பார்த்தும் பதில் எழுதவில்லை என்று இரவெல்லாம் மனம் புழுங்காதீர்கள். தாமதம் வெறுப்பாகாது, ஒருமுறை அழைத்துக் கேளுங்கள். உங்கள் துயரத்தையும் "ஓம்" என்ற ஒற்றைச் சொல்லுக்குள் மறைக்காதீர்கள். வீட்டாரிடம் சொல்ல இயலாத அளவு மனம் நொந்தால், தேசிய மனநல உதவி இலக்கமான 1926ஐ அழையுங்கள். உதவி கேட்பது இழிவன்று.

இன்றிரவு இஷாவின் பின்னர், தூரத்திலிருக்கும் உங்கள் பிள்ளையின் குரலை ஒருமுறை கேளுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளின் உள்ளங்களுக்கு அமைதியை அருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.