புயல் வரும் வழி



காந்தலூர்க்காரர் புயலைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம் என்றால் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். முதலில் ஊர்ப் பெயரைத் தெளிவு செய்துவிடுவோம். முதலாம் இராசராசனின் மெய்க்கீர்த்தியில் வரும் காந்தளூர்ச் சாலை தெற்கே கடலோரத்தைச் சேர்ந்தது என்பர் ஆராய்ச்சியாளர். நாம் சொல்லும் காந்தலூர் வேறு. இது கேரளத்து இடுக்கி மாவட்டத்தில், மறையூருக்கும் மேலே, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் அமைந்த மலையூர். மறையூர், காந்தலூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி ஆகிய ஐந்தையும் சேர்த்து அஞ்சுநாடு என்று வழங்குவது மரபு. எங்கள் ஆட்சி கேரளத்தில். வீட்டு மொழி தமிழ். மலையிறங்கினால் சேரும் ஊர் உடுமலைப்பேட்டை. எங்கள் வயலில் பெய்யும் மழை பாம்பாற்றில் விழுந்து, கிழக்கே ஓடி, அமராவதியில் கலக்கிறது.

இத்தகைய மலையூருக்கும் கடற்புயலுக்கும் என்ன தொடர்பு? பூகோளப் படத்தை விரித்துப் பாருங்கள். சோழநாட்டுக் கடற்கரையில் உள்ள வேதாரண்யமும் காந்தலூரும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் உள்ளன. இடைவெளி நேர்கோட்டில் சுமார் 290 கிலோமீட்டர். வேதாரண்யத்தில் கரையேறும் புயல் நேரே மேற்கு நோக்கி நடந்தால், அதன் பாதை எங்கள் மலையை ஒட்டியே போகும். 2018-ஆம் ஆண்டு நவம்பரில் அப்படித்தான் நடந்தது.

அந்தப் புயலுக்குக் கஜா என்று பெயர். அவ்வாண்டு நவம்பர் 10-ஆம் தேதி வங்கக் கடலில் தாழ்வு மண்டலமாகத் தோன்றி, மறுநாள் புயலாயிற்று. முதலில் வந்த முன்னறிவிப்பு, அது வட தமிழகத்துக்கும் தென் ஆந்திரத்துக்கும் இடைப்பட்ட கரையைத் தாக்கக்கூடும் என்றது. பிறகு கடலூருக்கும் பாம்பனுக்கும் இடையே என்று பாதை தெற்கே நகர்ந்தது. நடுக்கடலில் புயல் வளைந்து திரும்பியதே அதற்குக் காரணம். முடிவில் 15-ஆம் தேதி நள்ளிரவு கடந்து நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. மணிக்கு 120 கிலோமீட்டருக்குக் குறையாத காற்று. இலட்சக்கணக்கான தென்னைகள் ஓரிரவில் சாய்ந்தன. 80,000-க்கும் மேற்பட்டோரை முன்கூட்டியே முகாம்களுக்கு அழைத்துச் சென்றிருந்ததால் பல உயிர்கள் தப்பின.

நிலத்தில் ஏறிய புயல் நலிந்துவிடும் என்பது உண்மை. புயலுக்கு உணவு கடலின் வெப்ப நீராவி. கரையேறியதும் அந்த உணவு நின்றுவிடுகிறது. நிலத்தின் உராய்வு காற்றைத் தடுக்கிறது. ஆயினும் சுமந்து வந்த ஈரம் அவ்வளவு விரைவில் தீர்வதில்லை. மலைச்சரிவு அந்த ஈரக்காற்றை மேலே தள்ளுகிறது. மேலேறிய காற்று குளிர்ந்து மழையாகக் கொட்டுகிறது. 16-ஆம் தேதி கஜாவின் எச்சம் கொடைக்கானல் மலையில் மரங்களைச் சாய்த்து, இடுக்கியில் பெருமழையைப் பெய்வித்து, அன்றிரவே கேரளத்தைக் கடந்து அரபிக்கடலில் இறங்கியது. அவ்வாண்டு ஆகஸ்டு வெள்ளத்தில் மூணாற்றை அடுத்த பெரியவாரைப் பாலம் பழுதாகி, அங்கே தற்காலிகப் பாலம் ஒன்று போட்டிருந்தார்கள். அதையும் இந்த மழை அடித்துச் சென்றது. மறையூருக்கும் மூணாற்றுக்கும் இடையே போக்குவரத்து நின்றது. கடலைக் கண்ணாலும் காணாத ஊரார், கடலில் பிறந்த ஒன்றினால் வழியிழந்து நின்றோம்.

இனி, புயலை எவ்வாறு பின்தொடர்கிறார்கள் என்று பார்ப்போம். புயலைச் சுட்டும் ‘சைக்ளோன்’ என்ற ஆங்கிலச் சொல்லே நம் நாட்டில் பிறந்ததுதான். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் கல்கத்தாவில் இருந்த ஹென்றி பிடிங்டன் என்பவர், பாம்பின் சுருளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதை ஆக்கினார். நடுவே தாழ்ந்த காற்றழுத்தம். அதைச் சுற்றிச் சுருண்டு வீசும் காற்று. நம் பாதி உலகத்தில் அந்தச் சுழற்சி கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் அமையும். ஆகவே கடலில் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால், புயலின் மையம் இடப்பக்கம் இருக்கும். பழைய மாலுமிகளுக்கு இந்த விதியே துணை. மலையில் இதை நம்ப முடியாது. பள்ளத்தாக்கின் போக்கிற்குக் காற்றே திசை மாறிவிடும்.

இன்று புயலைப் பார்க்கும் முதற்கண் செயற்கைக்கோள். நம் நாட்டின் இன்சாட் வரிசைச் செயற்கைக்கோள்கள் ஒரே இடத்தில் நிற்பன போலத் தோன்றும் உயரத்திலிருந்து இரவும் பகலும் படம் எடுத்து அனுப்புகின்றன. மேகத்தின் சுருளையும் அதன் உச்சியின் குளிர்ச்சியையும் பார்த்து, காற்று எவ்வளவு வேகம் என்று கணிக்கும் முறையை அமெரிக்க விஞ்ஞானி வெர்னான் டிவோராக் 1970-களில் வகுத்தார். உலகெங்கும் அந்த முறை இன்றும் உதவுகிறது. புயல் கரையை நெருங்கியபின் சென்னை, காரைக்கால் முதலிய இடங்களின் ரேடார்கள் மழையையும் காற்றையும் நேரே அளந்து சொல்கின்றன.

ஆனால் கவனியுங்கள்: செயற்கைக்கோள் பார்ப்பது மேகத்தின் மேற்புறத்தை. உள்ளே என்ன நடக்கிறது என்பதை அதிலிருந்து ஊகிக்க வேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் புயலுக்குள்ளேயே ஆகாய விமானம் செலுத்தி அளக்கும் வழக்கம் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் தொடங்கியது. வங்கக் கடலில் அத்தகைய வழக்கமான பறப்பு இல்லை. தொடக்க அளவில் சிறிது பிழை இருந்தால், அது நாளுக்கு நாள் பெருகும். இந்த உண்மையை எட்வர்ட் லோரன்ஸ் என்னும் அறிஞர் 1960-களின் தொடக்கத்தில் கணக்கால் காட்டினார்.

இதற்கு மாற்று என்ன? கணிப்பொறியில் ஒரே கணக்கை ஒரு முறை போடாமல், தொடக்க அளவைச் சற்றே மாற்றி மாற்றிப் பலமுறை போடுகிறார்கள். எல்லா விடைகளும் ஓரிடத்தில் குவிந்தால் நம்பிக்கை அதிகம். சிதறினால் ஐயம் அதிகம். வானிலைத் துறையினர் வெளியிடும் படத்தில், புயலின் பாதையைச் சுற்றி விசிறிபோல் விரியும் பகுதி ஒன்று இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது புயலின் அளவைக் காட்டுவது அன்று. மையம் இந்த எல்லைக்குள் எங்கும் போகலாம் என்று ஐயத்தின் அளவைக் காட்டுவது அது. நடுக்கோட்டை மட்டும் பார்த்து, நம் ஊர் அதில் இல்லை என்று நிம்மதி கொள்பவர் படத்தைப் பாதியே படித்தவர் ஆவார்.

பிழையின் அளவும் தெரிந்திருப்பது நல்லது. அண்மை ஆண்டுகளில் வட இந்தியப் பெருங்கடற் புயல்களுக்கு, 24 மணி நேரத்துக்கு முன் சொன்ன இடத்துக்கும் உண்மையில் வந்த இடத்துக்கும் உள்ள வேறுபாடு சராசரியாகச் சுமார் 75 கிலோமீட்டர். 48 மணி நேரத்துக்கு முன் என்றால் சுமார் 115. 72 மணி நேரத்துக்கு முன் என்றால் சுமார் 160. முன்னைய ஆண்டுகளோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம். ஆயினும் 115 கிலோமீட்டர் என்பது ஏறத்தாழ நாகப்பட்டினத்துக்கும் கடலூருக்கும் உள்ள தொலைவு. இரண்டு நாளைக்கு முன் ‘நாகை’ என்று கேட்டால், ‘கடலூராகவும் இருக்கலாம்’ என்பதும் அந்தச் சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது.

ஐயம் பாதையில் மட்டும் இல்லை, பலத்திலும் இருக்கிறது. 2017 நவம்பர் 30-ஆம் தேதி காலையில் கன்னியாகுமரிக்கு அருகில் ஒக்கி புயலாக மாறியது. வெகு விரைவில் வலுத்தது. அதற்குப் பல நாட்களுக்கு முன்பே ஆழ்கடலுக்குச் சென்றிருந்த மீனவரை எட்டுவதற்கு அன்று வழியில்லை. கன்னியாகுமரி, திருவனந்தபுரம் மாவட்டங்களின் கரையோர ஊர்களில் நூற்றுக்கணக்கானோர் வீடு திரும்பவில்லை.

2020 டிசம்பரில் இதற்கு மறுதலையாக நிகழ்ந்தது. புரெவி என்னும் புயல் இலங்கையின் திருகோணமலைக் கரையைக் கடந்து மன்னார் வளைகுடாவுக்கு வந்தது. அடுத்துத் தென் தமிழகத்தையும் கேரளத்தையும் கடக்கும் என்று எதிர்பார்த்து, கேரளத்தின் தென் மாவட்டங்களில் முன்னேற்பாடுகள் நடந்தன. ஆனால் அது இராமநாதபுரத்துக்கு அருகிலேயே நின்று நலிந்துவிட்டது. கேரளத்தில் அஞ்சிய மழை இல்லை. சிதம்பரத்திலோ வெள்ளம் கோயிலுக்குள்ளும் புகுந்தது. புயலைத் தள்ளிச் செல்லும் மேற்காற்றுகள் ஒன்றையொன்று சமன் செய்துகொண்டால், புயல் நடுவழியில் நின்றுவிடும். நிற்கும் புயலைக் கணிப்பதே மிகக் கடினம்.

2024-இல் வந்த ஃபெஞ்சல் இன்னொரு பாடம். காற்றின் வேகத்தால் பார்த்தால் அது புயல்களில் கீழ்ப்படியைச் சேர்ந்தது. நவம்பர் 30-ஆம் தேதி இரவு புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அத்தோடு நிற்கவில்லை. கடலுக்கு வெகு தொலைவில், கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் ஒரு நாளில் 50 சென்டிமீட்டர் பெய்தது. திருவண்ணாமலையில் மண்சரிந்து ஏழுபேர் மாண்டனர். காற்றைக் கொண்டு தரம் பிரித்த பெயர், மழையின் கொடுமையைச் சொல்வதில்லை. இதை மலையோரத்தார் மறக்கலாகாது.

50 சென்டிமீட்டர் என்றால் எவ்வளவு? ஓர் ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 40,000 லிட்டர் நீர். 50 சென்டிமீட்டர் என்றால் 20 இலட்சம் லிட்டர். படிக்கட்டுபோல் வெட்டிய எங்கள் சரிவு நிலத்தில் அவ்வளவு நீர் ஒரே நாளில் இறங்கினால், மண்ணும் சேர்ந்தே இறங்கும்.

இனி எங்கள் சங்கடத்தைச் சொல்கிறோம். மழை வரும் என்று மூன்று நாளுக்கு முன் செய்தி கேட்கிறோம். வயலில் காரட்டும் உருளைக்கிழங்கும் முற்றும் தறுவாயில் நிற்கின்றன. இன்றே எடுத்தால் எடை குறையும். எல்லோரும் எடுப்பதால் சந்தை விலையும் விழும். விட்டுவைத்தால், மழை வந்தால் மண்ணிலேயே அழுகும். வண்டி இறங்கும் வழியும் அடைபடலாம். ஓர் ஆண்டு செய்தியை நம்பி இளங்கிழங்கைத் தோண்டினோம். மறுநாள் வெயில் அடித்தது. ஊரில் கேலி எழுந்தது. அதற்குப் பின் ஒரு முறை, ‘இவர்கள் சொல்வது இப்படித்தான்’ என்று வாளா இருந்தோம். மழை வந்து வரப்போடு கொண்டுபோயிற்று. இரண்டு நட்டத்திலும் எது பெரியது? இளங்கிழங்குக்குப் பாதி விலையாவது கிடைத்தது. மண் போன இடத்தில் மறுபடி மண் சேர்க்கப் பல ஆண்டுகள் ஆயின.

அதிலிருந்து நாங்கள் கற்றது இதுதான். முன்னறிவிப்பு பலித்ததா பொய்த்ததா என்று ஒருமுறையை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. பத்தில் மூன்று வாய்ப்பு என்றால், ஏழு முறை வராமற்போவதும் அந்தக் கணக்கில் சேர்ந்ததே. வாய்ப்புச் சிறிதாயினும் வந்தால் இழப்புப் பெரிது என்றால், சிறு நட்டத்தை மனமொப்பி ஏற்பதே அறிவுடைமை. இப்போது நாங்கள் முழு வயலையும் எடுப்பதில்லை, முழுவதையும் விடுவதுமில்லை. சரிவில் உள்ளதை முதலில் எடுக்கிறோம், வடிகாலை வெட்டிவிடுகிறோம், ஓடையோரத்து வீட்டாரை மேட்டு வீடுகளுக்கு அழைத்துக்கொள்கிறோம்.

எச்சரிக்கை நான்கு படிகளில் வருகிறது. 72 மணி நேரத்துக்கு முன் முன்கண்காணிப்பு. 48 மணிக்கு முன் விழிப்பறிவிப்பு. 24 மணிக்கு முன் எச்சரிக்கை. நான்காவது, கரையைக் கடப்பதற்குச் சுமார் 12 மணி நேரம் முன்பு, கடந்தபின் உள்நாட்டில் என்னவாகும் என்ற அறிவிப்பு. முதல் மூன்றும் கடலோரத்தாருக்குப் பெரிதும் உரியவை. நான்காவதே மலையூராருக்கு உரியது. புயல் கரையைக் கடந்துவிட்டது என்று கேட்டதும் வானொலியை மூடிவிடுவது வழக்கம். எங்களுக்கோ செய்தி அப்போதுதான் தொடங்குகிறது.

வெளிமாநிலங்களில் இருக்கும் உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். பம்பாயிலோ தில்லியிலோ இருந்துகொண்டு, நாகையில் புயற்கூண்டு ஏற்றினார்கள் என்று கேட்டதும் மனம் பதறும். அந்தக் கூண்டு துறைமுகத்துக் கப்பல்களுக்கு உரிய அடையாளம். உங்கள் ஊருக்கு எவ்வளவு மழை என்பதை அது சொல்லாது. உங்கள் மாவட்டத்துக்கு உரிய நிற எச்சரிக்கையைக் கேளுங்கள். பொதுவாக, 24 மணி நேரத்தில் 6 சென்டிமீட்டருக்கு மேல் என்றால் மஞ்சள்; 11-க்கு மேல் என்றால் ஆரஞ்சு; 20-க்கு மேல் என்றால் சிவப்பு. எங்களைப்போல் எல்லையில் உள்ளவரின் உறவினர் சென்னை அறிக்கை, திருவனந்தபுரம் அறிக்கை இரண்டையும் கேட்க வேண்டும். புயல் வருவது தமிழகத்து வழியே. எச்சரிக்கை வருவது கேரளத்திலிருந்து, அதுவும் மலையாளத்தில். முதியவர் தனித்திருக்கும் வீட்டுக்கு அதைத் தமிழில் எடுத்துச் சொல்ல ஒரு குரல் வேண்டும். தொலைவில் இருந்தாலும் அந்தக் குரலாக நீங்கள் இருக்கலாம். ‘புயல் வருமா, வராதா’ என்று அவர்களைக் கேட்காதீர்கள். ‘ஓடையோரத்தில் இன்றிரவு யார் படுக்கிறார்கள்’ என்று கேளுங்கள். முதற்கேள்விக்கு எந்த விஞ்ஞானியும் உறுதி கூற முடியாது. இரண்டாவதற்கு விடை நம் கையில் இருக்கிறது.