பல்லாண்டு பாடும் பரிவு



இறைவனிடம் முழு நம்பிக்கை வைத்த பெற்றோர் தம் பிள்ளைகளுக்காக அஞ்சலாமா? அச்சம் நம்பிக்கையின் குறைவா? கொரோனாக் காலம் எழுப்பிய இவ்வினாவுக்கு மணிமங்கலத்தை முன்வைத்து விடை காண்பது பொருந்தும்.

மணிமங்கலம் பழம்பெரும் ஊர். ஏழாம் நூற்றாண்டில் பல்லவன் முதலாம் நரசிம்மவர்மன் சாளுக்கியன் இரண்டாம் புலிகேசியை வென்ற களங்களுள் ஒன்றாகக் கூரம் செப்பேடு இவ்வூரைக் குறிக்கிறது. பெரிய ஏரியும் இராஜகோபாலப் பெருமாள் கோயிலும் உடைய இவ்வூர், நெடுங்காலம் உழவையே நம்பி வாழ்ந்தது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் ஆலைகள் பெருகிய பின்னர், மழையை எதிர்நோக்கியிருந்த கண்கள் முறைநேரப் பேருந்தை எதிர்நோக்கலாயின.

2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்தபோது ஆலைகள் நின்றன. அப்போது பெற்றோரின் கவலை ஊதியத்தைப் பற்றியது. 2021இல் வந்த இரண்டாம் அலையோ வேறு வகைக் கவலையைத் தந்தது. மே 21 அன்று ஒரே நாளில் தமிழகத்தில் 36,184 பேருக்குத் தொற்று உறுதியாயிற்று. மே 10 முதல் முழு ஊரடங்கு நடைமுறையில் இருந்தும், பல ஆலைகள் இயங்க விலக்கு இருந்தது. ஊர் அடங்கியது; ஆலைக்குச் செல்லும் பிள்ளை அடங்க இயலவில்லை.

இங்கே ஒரு முரண் நேர்ந்தது. 45 வயது கடந்தோர்க்கு ஏப்ரல் 1 முதலே தடுப்பூசி கிடைத்தது. 18 வயது முதலானோர்க்கு மே 1 முதல் என்று அறிவிக்கப்பட்டாலும், தமிழகத்தில் அது மே மூன்றாம் வாரத்தில்தான் தொடங்கியது. வீட்டிலிருக்கும் தாய்க்குக் காப்பு உண்டு. வெளியே செல்லும் மகனுக்கு இல்லை. தன்னைக் கேடயமாக்கிப் பிள்ளையைக் காக்க விரும்பும் தாய்க்கு இதைவிடக் கொடிய நிலை வேறில்லை. தோளுக்கு மேல் வளர்ந்தவனைக் கைப்பிடித்து நிறுத்தவும் முடியாது. அவன் ஊதியத்தில்தான் வீட்டின் அடுப்பு எரிகிறது.

கோயிலுக்குச் சென்று முறையிடலாமென்றால், ஏப்ரல் 26 முதல் வழிபாட்டிடங்களில் பொதுமக்களுக்கு அனுமதியில்லை. ஜூலை 5 அன்றுதான் மீண்டும் திறந்தன. விளக்கேற்றி வீட்டு மூலையில் வேண்டுவதே எஞ்சிய வழி. தொலைவிலிருந்து வந்து ஒரகடத்தில் அறையெடுத்துத் தங்கிய இளைஞர்களின் பெற்றோர்க்குத் தொலைபேசிக் குரல் ஒன்றே ஆறுதல். மகன் இருமினால் அங்கே உறக்கம் போயிற்று.

இந்நிலையை விளங்கிக்கொள்ளப் பெரியாழ்வார் துணை செய்கிறார். மதுரையில் கருடன்மேல் திருமால் காட்சி தந்தபோது, ஆழ்வார் தமக்கென எதையும் வேண்டவில்லை. இவ்வழகுக்குக் கண்ணேறு படுமோ என்று அஞ்சிப் பல்லாண்டு பாடினார். காக்கும் கடவுளுக்கே காப்புப் பாடிய அவரை நம்பிக்கையற்றவர் என்று எவரும் சொன்னதில்லை. அந்தப் பரிவு மிகுதியாலேயே அவர் பெரியாழ்வார் ஆனார் என்பர் வைணவப் பெரியோர். ஆகவே அச்சம் நம்பிக்கைக்குப் பகையன்று. அன்பு முதிர்ந்தால் நம்பிக்கைக்குள்ளேயே அச்சமும் குடியிருக்கும்.

எனினும் வேண்டுதலோடு கடமை முடிந்துவிடுவதில்லை. 2021 மே மாதத்தில் ஒரகடம் ரெனோ-நிசான் ஆலைத் தொழிலாளர் சங்கம், பணியிடத்தில் போதிய இடைவெளி இல்லையென்று சென்னை உயர்நீதிமன்றத்தை நாடியது. நெறிமுறைகளைப் பின்பற்றுவதாக நிறுவனம் கூறியது. அம்மாத இறுதியில் அவ்வாலையும் இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையும் சில நாள்கள் உற்பத்தியை நிறுத்தின. பெற்றோர் விளக்கின் முன் வேண்டியதையே பிள்ளைகள் நீதியின் முன் கேட்டனர். அங்கே கண்ணீராக இருந்தது, இங்கே உரிமையாகப் பேசியது.

உழைக்கச் சென்ற பிள்ளை நலமாக வீடு திரும்பவேண்டும் என்பது தாயின் வேண்டுதல் மட்டுமன்று. ஆலைக்கும் அரசுக்கும் அதுவே முதற்கடமையாதல் வேண்டும். அக்கடமை தவறாது நடக்கும் நாட்டில்தான் பெற்றோரின் பல்லாண்டு பலிக்கும்.