வண்டி நின்ற இடத்தில் வீடு



இன்று நாம் இரண்டு விஷயங்களைப் பற்றிப் பேசப் போகிறோம். ஒன்று, ஏழைக்கு வீடு. இன்னொன்று, வண்டி நிறுத்தும் இடம். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. இரண்டுக்கும் நிலம் வேண்டும். நகரத்தில் நிலம் குறைவு. ஒன்றுக்குக் கொடுத்தால் மற்றொன்றுக்கு இல்லை.

வண்டி நிற்கும் இடத்தில் வீடு கட்டலாமா? கட்டினால் யாருக்கு நன்மை? இதுதான் இன்றைய பேச்சு.

ஒரு காருக்கு எவ்வளவு இடம்?

முதலில் ஒரு கணக்குப் போடுவோம்.

ஒரு கார் நிற்க எவ்வளவு இடம் வேண்டும்? கார் அளவுக்கு இடம் இருந்தால் போதாது. கதவைத் திறக்க வேண்டும். உள்ளே வர வேண்டும். திரும்ப வேண்டும். வெளியே போக வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் சேர்த்து, திறந்தவெளியில் ஒரு காருக்கு 23 சதுர மீட்டர் என்று தில்லி நகரத் திட்டம் கணக்கு வைத்தது. அதாவது சுமார் 250 சதுர அடி.

இப்போது வீட்டுக்கு வருவோம். 2015ஆம் ஆண்டு மத்திய அரசு பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தைத் தொடங்கியது. அதில் மிகக் குறைந்த வருமானம் உள்ள குடும்பத்துக்கு வீட்டின் உள் அளவு 30 சதுர மீட்டர் வரை. சுமார் 320 சதுர அடி. அதற்குள் கூடம், அறை, சமையல் இடம், குளியலறை, கழிப்பறை எல்லாம் அடங்க வேண்டும்.

பார்த்தீர்களா? ஒரு ஏழைக் குடும்பத்தின் வீட்டில் முக்கால் பங்கு அளவு இடம் ஒரு காருக்கு வேண்டியிருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. திறந்த இடத்தில் காரின் மேல் காரை நிறுத்த முடியாது. வீட்டின் மேல் வீடு கட்டலாம்.

100 கார் நிற்கும் இடம் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அது 2,300 சதுர மீட்டர். அதில் பாதியைத் திறந்த வெளியாக விட்டுவிடுவோம். மீதிப் பாதியில் 10 மாடி கட்டுவோம். படிக்கட்டு, நடைவழி எல்லாம் சேர்த்து ஒரு வீட்டுக்கு 45 சதுர மீட்டர் என்று வைப்போம். ஒரு மாடிக்கு 25 வீடு வரும். 10 மாடிக்கு 250 வீடு. இது தோராயக் கணக்குதான். ஆனாலும் 100 கார் நின்ற இடத்தில் 250 குடும்பம் குடியிருக்கலாம் என்பது சின்ன விஷயம் இல்லை.

அப்படியானால் எல்லா வண்டி நிறுத்தத்தையும் இடித்துவிட்டு வீடு கட்டிவிடலாமா? அவசரப்பட வேண்டாம். இந்த வேலையைக் கையில் எடுத்த ஓர் ஊரைப் பார்ப்போம்.

நவி மும்பை

மும்பைக்குக் கிழக்கே ஒரு கடல் கழி இருக்கிறது. அதற்கு அந்தப் பக்கம் இருப்பது நவி மும்பை. நவி என்றால் புதிய என்று பொருள். மும்பையில் நெரிசல் தாங்காமல் இந்தப் புது நகரத்தை உண்டாக்கினார்கள்.

1970ஆம் ஆண்டு மகாராஷ்டிர அரசு இதற்காக ஒரு நிறுவனத்தைத் தொடங்கியது. அதன் பெயர் சிட்கோ. நம் தமிழ்நாட்டிலும் தொழிற்பேட்டை நடத்தும் சிட்கோ உண்டு. அது வேறு, இது வேறு.

நகரம் கட்ட நிலம் வேண்டுமே! 95 கிராமங்களின் நிலம் இந்தத் திட்டத்துக்குள் வந்தது. அங்கே நெல் வயல்கள் இருந்தன. உப்பளங்கள் இருந்தன. மீனவர் குடியிருப்புகள் இருந்தன. நிலம் கொடுத்தவர்கள் நியாயமான விலை கேட்டுப் போராடினார்கள். 1984ஆம் ஆண்டு ஜனவரி மாதம் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 5 பேர் இறந்தார்கள். அந்தப் போராட்டத்துக்குப் பிறகு, எடுத்த நிலத்தில் 12.5 சதவீத அளவுக்கு மனைகளாகத் திருப்பிக் கொடுப்பது என்று முடிவானது.

இதை ஏன் சொல்கிறேன்? பொது நிலம் சும்மா கிடைத்த நிலம் அல்ல. யாரோ ஒரு குடும்பம் உழுத நிலம் அது. ஊருக்காக என்று சொல்லி எடுத்த நிலம். அதைக் கணக்குப் பார்த்துத்தான் செலவு செய்ய வேண்டும்.

1992ஆம் ஆண்டு மும்பையிலிருந்து வாஷிக்கு ரயில் வந்தது. பிறகு பன்வேல் வரை நீண்டது. ரயில் நிலையங்களைச் சுற்றி நிறைய இடம் விட்டிருந்தார்கள். பேருந்துக்கு இடம், லாரிக்கு இடம், காருக்கும் ஸ்கூட்டருக்கும் இடம் என்று தனித்தனியாக ஒதுக்கியிருந்தார்கள்.

2018, 2019 ஆண்டுகளில் சிட்கோ ஒரு திட்டம் போட்டது. ரயில் நிலையத்துக்கு முன்னால் இருக்கும் வண்டி நிறுத்துமிடம், பேருந்து நிலையம், லாரி நிலையம் ஆகிய இடங்களில் அடுக்குமாடி வீடுகள் கட்டுவது என்பதே அந்தத் திட்டம். மொத்தம் சுமார் 90,000 வீடுகள் என்று அறிவித்தார்கள். வாஷி, கார்கர், மானசரோவர், கண்டேஷ்வர், பன்வேல், கலம்போலி என்று பல இடங்கள் அதில் இருந்தன.

இதில் என்ன நன்மை?

நன்மை உண்டு. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

புதிதாக யாருடைய வயலையும் எடுக்க வேண்டியதில்லை. யாருடைய குடிசையையும் இடிக்க வேண்டியதில்லை. நிலம் ஏற்கெனவே பொதுவில் இருக்கிறது. சாலை இருக்கிறது. குடிநீர்க் குழாய் பக்கத்தில் வந்துவிட்டது.

ரயில் பக்கத்தில் இருக்கிறது. இதுதான் பெரிய நன்மை. ஏழைக்கு வீடு என்றால் ஊருக்கு வெளியே தூரமாகக் கட்டிக் கொடுப்பதே வழக்கம். அங்கே போனவர்கள் வேலைக்கு வர 2 பேருந்து மாற வேண்டும். பெண்களுக்கு இது இன்னும் கஷ்டம். வீட்டு வேலை செய்பவர் காலை 7 மணிக்கு ஒரு வீட்டில் இருக்க வேண்டும். விடியும் முன்பே கிளம்பினால் பிள்ளைகளை யார் பார்ப்பது? பேருந்துச் செலவு, நேரம், அலைச்சல் எல்லாம் சேர்ந்து வேலையையே விடும்படி ஆகிவிடும். நிலையத்துக்குப் பக்கத்தில் வீடு இருந்தால் அந்தக் கஷ்டம் இல்லை.

ரயிலுக்குப் பக்கத்தில் குடியிருப்பவருக்குச் சொந்தமாக வண்டி வாங்கும் தேவையும் குறையும்.

லாரி எங்கே போகும்?

வண்டி நிறுத்துமிடம் காலி மனை அல்ல. அங்கேயும் சிலர் பிழைக்கிறார்கள்.

வாஷியில் மிகப் பெரிய மொத்தச் சந்தை இருக்கிறது. முன்பு அந்தச் சந்தைகள் மும்பை நகருக்குள் இருந்தன. 1980களிலும் 1990களிலும் இங்கே மாற்றப்பட்டன. வெங்காயம், உருளைக்கிழங்கு, அரிசி, கோதுமை, மிளகாய், பழம் எல்லாம் பல மாநிலங்களிலிருந்து லாரியில் வருகின்றன. மூட்டை தூக்கும் தொழிலாளர்களை அங்கே மாத்தாடி என்பார்கள். அவர்களைப் பாதுகாக்க 1969ஆம் ஆண்டிலேயே மகாராஷ்டிரத்தில் சட்டம் வந்துவிட்டது.

லாரி நிற்க ஓர் இடம் வேண்டும். இரவெல்லாம் ஓட்டி வந்த டிரைவர் குளிக்க வேண்டும், சாப்பிட வேண்டும், தூங்க வேண்டும். லாரி நிலையத்தை எடுத்துவிட்டு வேறு இடம் தராவிட்டால் லாரி சாலை ஓரத்தில் நிற்கும். அந்தச் சாலையில்தான் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவார்கள்.

ரயில் நிலையத்திலும் இதே கேள்விதான். கண்டேஷ்வர் நிலையத்தின் அருகே குடியிருப்பவர்கள் வீட்டுத் திட்டத்தை எதிர்த்தார்கள். நெரிசல் கூடும், திறந்த இடம் போய்விடும், வண்டியை எங்கே விடுவது என்று கேட்டார்கள். கீழே வண்டி, மேலே வீடு என்று கட்டுவதாகத் திட்டத்தில் சொன்னார்கள். அது நல்ல யோசனைதான். ஆனால் கீழ்த் தளம் புது வீட்டுக்காரர்களின் வண்டிக்கா, ரயில் ஏற வருபவர்களின் வண்டிக்கா என்று முன்பே எழுதி வைக்க வேண்டும். காருக்கு மட்டும் இடம் விட்டு, சைக்கிளையும் ஆட்டோவையும் மறந்துவிடக் கூடாது.

யாருக்கு அந்த வீடு?

இப்போது முக்கியமான கேள்விக்கு வருவோம்.

2024 அக்டோபரில் சிட்கோ சுமார் 26,000 வீடுகளுக்கு விண்ணப்பம் கேட்டது. 2025 பிப்ரவரியில் குலுக்கல் நடந்தது. அதற்கு முன்பு, ஜனவரியில், விலையை வெளியிட்டார்கள். வாஷி லாரி நிலையத்தில் குறைந்த வருமானப் பிரிவு வீட்டின் விலை சுமார் 74 லட்சம் ரூபாய். தூரத்தில் இருக்கும் தளோஜாவில் மிகக் குறைந்த வருமானப் பிரிவு வீட்டின் விலை சுமார் 25 லட்சம் ரூபாய்.

இதைக் கேட்ட பலர் திகைத்துப் போனார்கள். குறைந்த வருமானம் என்று பெயர் வைத்து இவ்வளவு விலையா என்று கேட்டார்கள். வெளிச்சந்தை விலையைவிட இது குறைவுதான் என்று சிட்கோ சொன்னது.

நாமே கணக்குப் போட்டுப் பார்ப்போம். 100க்கு ஆண்டு வட்டி 9 ரூபாய், 20 வருடத் தவணை என்று வைத்துக்கொள்வோம். 1 லட்சம் கடனுக்கு மாதம் சுமார் 900 ரூபாய் கட்ட வேண்டும்.

தளோஜா வீட்டின் விலை 25 லட்சம். மிகக் குறைந்த வருமானப் பிரிவுக்கு மத்திய, மாநில அரசுகள் தரும் மானியம் 2.5 லட்சம். கையில் 4.5 லட்சம் இருக்கிறது என்று வைப்போம். மீதி 18 லட்சம் கடன். மாதத் தவணை 16,200 ரூபாய். மாதம் 30,000 ரூபாய் சம்பாதிக்கும் குடும்பத்துக்கு மிஞ்சுவது 13,800 ரூபாய்.

வாஷி வீட்டின் விலை 74 லட்சம். கையிலிருந்து 14 லட்சம் போட்டாலும் 60 லட்சம் கடன். மாதத் தவணை 54,000 ரூபாய். மாதம் 60,000 ரூபாய் வருமானம் உள்ள குடும்பத்துக்கு மிஞ்சுவது 6,000 ரூபாய். அதில் அரிசி, மின்சாரம், பள்ளிக்கூடம், மருந்து எல்லாம் ஆக வேண்டும். 20 வருடத்தில் தவணையாக மட்டும் கட்டுவது 1 கோடியே 29 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய்.

விலை அதிகம் என்று மக்கள் விடாமல் சொன்னார்கள். 2025 டிசம்பரில் விலையை 10 சதவீதம் குறைப்பதாக அரசு அறிவித்தது. மக்கள் பேசியதற்குப் பலன் கிடைத்தது. ஆனால் 74 லட்சத்தில் 10 சதவீதம் போனாலும் 66 லட்சத்துக்கு மேல்தான் நிற்கிறது.

அப்படியானால் வேலைக்குப் பக்கத்தில் இருக்கும் வீடு வசதி உள்ளவருக்கு. தூரத்தில் இருக்கும் வீடு ஏழைக்கு. வண்டி நிறுத்துமிடத்தில் வீடு கட்டியதன் பெரிய நன்மையே ரயிலும் வேலையும் பக்கத்தில் இருப்பதுதான். அந்த நன்மை ஏழைக்குப் போய்ச் சேரவில்லை என்றால், பொது நிலத்தை ஏழையின் பெயரைச் சொல்லி விற்றது போல ஆகிவிடும்.

வேறு வழி இல்லையா? இருக்கிறது. பொது நிலத்துக்கு முழு விலை போடாமல் கட்டிய செலவை மட்டும் வாங்கலாம். அல்லது விற்காமல் குறைந்த வாடகைக்கு விடலாம். 2020ஆம் ஆண்டு மத்திய அரசே தொழிலாளர்களுக்கான வாடகை வீட்டுத் திட்டம் ஒன்றை அறிவித்தது. 2024இல் தொடங்கிய இரண்டாம் கட்ட வீட்டு வசதித் திட்டத்திலும் வாடகை வீடு ஒரு பகுதி. வாடகைக்கு விட்டால் நிலம் என்றும் பொதுவிலேயே இருக்கும். ஒருமுறை விற்ற நிலம் திரும்பி வராது.

படிக்கத் தெரிந்த நாம் செய்ய வேண்டியது

நம் ஊரிலும் ஒரு நாள் இப்படி ஓர் அறிவிப்பு வரலாம். அப்போது படத்தை மட்டும் பார்க்காதீர்கள். எழுத்தைப் படியுங்கள். எண்களைப் படியுங்கள்.

வீட்டின் அளவு போட்டிருக்கும். அது உள் அளவா, சுவரும் படிக்கட்டும் சேர்ந்த அளவா என்று கேளுங்கள். உள் அளவைக் கார்பெட் ஏரியா என்பார்கள். விளம்பரத்தில் அந்த அளவைத் தேடுங்கள்.

எந்த வருமானம் உள்ளவர் விண்ணப்பிக்கலாம் என்று பாருங்கள். விலையையும் பாருங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து மாதத் தவணையைக் கணக்கிடுங்கள்.

நிலத்தின் பயனை மாற்றும்போது பொது அறிவிப்பு வெளியிட்டு, மக்களின் ஆட்சேபத்தைக் கேட்க வேண்டும். மகாராஷ்டிரத்தில் 1966ஆம் ஆண்டு நகரமைப்புச் சட்டம் இதைச் சொல்கிறது. அதற்கு நாள் கணக்கு உண்டு. நாள் போன பிறகு எழுதினால் பயன் குறைவு. அறிவிப்பை அன்றைக்கே படித்துப் பக்கத்து வீட்டாருக்கும் சொல்லுங்கள்.

விவரம் தெரியாவிட்டால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. 2005ஆம் ஆண்டுச் சட்டம் அது. ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கேட்கலாம். மத்திய அரசு அலுவலகத்துக்குக் கட்டணம் 10 ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவருக்குக் கட்டணம் கிடையாது. பொதுவாக 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.

நண்பர்களே! வண்டி நின்ற இடத்தில் வீடு வருவது நல்லதுதான். வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை. எத்தனை வீடு, என்ன விலை, யாருக்கு, அங்கே பிழைத்தவர்களுக்கு என்ன வழி என்ற 4 கேள்வியையும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குவோம்.



கூடிப் பேசுவோம்

1. உங்கள் ஊரில் வண்டிகள் நிற்கும் பொது இடம் எது? அந்த இடத்தை நம்பிப் பிழைப்பவர்கள் யார் யார்?

2. மாதம் 20,000 ரூபாய் வருமானம் உள்ள குடும்பம் வீட்டுக்காக எவ்வளவு கொடுக்க முடியும்? கணக்குப் போடுங்கள்.

3. சொந்த வீடு, குறைந்த வாடகை வீடு. உங்கள் குடும்பத்துக்கு எது ஏற்றது? ஏன்?