வால்வு ஒலிபெருக்கியைத் தெரிதல்

இலண்டன் மாநகரின் மேற்கே, ஹான்வெல் என்னுமிடத்தில் 1962ஆம் ஆண்டு ஜிம் மார்ஷல் என்பாரின் இசைக்கருவிக் கடையிற் பிறந்தது ஒரு வால்வு ஒலிபெருக்கி. அதனை உரத்து முடுக்கியபொழுது மின் கித்தாரின் நாதம் உடைந்து கரகரத்தது. குறையென்று பொறியியலாளர் கருதிய அவ்வுடைவே ஹார்ட் றொக் இசைக்கு உயிராயிற்று.

ஆயின், இத்தகைய கருவியை வாங்கப் புகும் இளைஞர் பலர் வாற்றுக் கணக்கிலேயே ஏமாறுகின்றனர். 50 வாற்றிலும் 100 வாற்று இருமடங்கு உரத்து ஒலிக்கும் என்பது தவறு; வேறுபாடு 3 டெசிபெல் மாத்திரமே. 1965இல் ‘த ஹூ’ குழுவின் பீற் டவுன்செண்ட் 100 வாற்றுக் கருவி கேட்டது மேடைக்காக. வீட்டினுள் அதனை முழுவதும் முடுக்க அயலவர் விடுவாரா? முடுக்காவிடினோ, வெளியீட்டு வால்வுகள் உறங்கும். கொடுத்த பணத்துக்கு வேண்டிய நாதம் வாராது.

1975இல் மார்ஷல் நிறுவனமும் இதற்கு வழி கண்டது. சிறிய முன்வால்வுகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்து, அங்கேயே நாதத்தை உடைத்து, பின்னர் ஒலியளவைத் தனிக் குமிழொன்றால் அடக்குவது அம்முறை. வாங்குபவர் முதலிற் பார்க்கவேண்டியது அக்குமிழையே. வீட்டில் வாசிப்பவருக்கு 20 வாற்றே தாராளம். கரகரப்பு மிகுந்தால் சுரங்கள் ஒன்றோடொன்று குழம்பும்; ஆதலால் கடையில் ஒரு தந்தியை மட்டுமன்றிப் பல தந்திகளை ஒருங்கே மீட்டிக் கேட்டபின்னரே பணத்தை எண்ணுதல் நன்று.