நாள்கணக்கும் நேரக்கணக்கும்

பள்ளி வேலை நாள்களைக் கூட்டினால் பிள்ளைகளின் கற்றல் பெருகும் என்ற வாதத்தை எடைபோடும் முன், 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஏற்கெனவே என்ன வகுத்துள்ளது என்பதை அறிவது நலம். ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்குக் குறைந்தது 200 வேலை நாள்களும் 800 கற்பித்தல் மணி நேரமும், ஆறு முதல் எட்டு வரை 220 நாள்களும் 1000 மணி நேரமும் வேண்டும் என்கிறது அதன் அட்டவணை. கற்பித்தல் நேரம் என்பது பள்ளிக் கதவு திறந்திருக்கும் நேரமன்று. ஆசிரியர் பிள்ளைகளோடு பாடத்தில் செலவிடும் நேரம். அமெரிக்கக் கல்வி உளவியலாளர் ஜான் கேரல் 1963இல் முன்வைத்த கோட்பாடும், ஒன்றைக் கற்கத் தேவைப்படும் நேரத்தில் எவ்வளவு பங்கை மாணவர் உண்மையிலேயே கற்றலில் செலவிடுகிறார் என்பதையே அளவுகோலாகக் கொண்டது.

இந்த அளவுகோல் முதலில் தடுமாறும் இடம் கிராமத்து ஈராசிரியர் பள்ளி. 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப்பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்களையே சட்டம் கேட்கிறது. அவர்களுள் ஒருவர் வாக்காளர் பட்டியல் பணிக்குச் சென்றுவிட்டால், எஞ்சியவர் ஐந்து வகுப்புகளையும் ஒருங்கே பார்த்துக்கொள்கிறார், பதிவேட்டிலோ அது முழு வேலை நாளாகவே ஏறுகிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவற்றுக்கு மட்டும் ஆசிரியரை அனுப்பலாம் என்று 27ஆம் பிரிவு எல்லை வகுத்திருந்தும், 'எமிஸ்' எனும் கல்வி மேலாண்மைத் தகவல் இணையதளப் பதிவு போன்ற எழுத்தர் வேலைகள் வகுப்பு நேரத்தை அரித்துவருவது வேதனைக்குரியது. இந்நிலையில் பத்து நாள்களைக் கூட்டினாலும் அவையும் இதே வழியில்தான் கரையும்.

ஆண்டை மே மாதத்திற்குள் நீட்டுவதும் எளிதன்று. வெயிலின் கடுமையால் 2023இல் வகுப்பைப் பொறுத்து ஜூன் 12, 14 ஆகிய நாள்களுக்கும், 2024இல் ஜூன் 10ஆம் நாளுக்கும் பள்ளித் திறப்பைத் தமிழ்நாடு தள்ளிவைத்தது.

நீட்டிப்பு கோருவோரின் தரப்பில் மறுக்க முடியாத நியாயம் ஒன்று உண்டு: 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் மதிய உணவும் பள்ளி நாளோடு பிணைந்தவை என்பதால், ஏழை வீட்டுப் பிள்ளைக்குக் கூடுதல் பள்ளி நாள் என்பது வயிறார உண்ணும் நாளுமாகும். அந்த நியாயத்தை மதித்தே, முதலில் ஆசிரியர் எண்ணிக்கையை உயர்த்தி, எழுத்தர் பணிகளை அவர்களிடமிருந்து விலக்கி, அதன்பின் நாள்களைக் கூட்டுவதே முறை. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோரே; நடந்த வேலை நாள்களோடு நடந்த பாட நேரத்தின் கணக்கையும் அடுத்த கூட்டத்தில் அவர்கள் கேட்டுப் பெற வேண்டும்.